முதலில் சொன்னவள்

எங்கள் நாட்டின் தலைநகர் அக்ராவில், மத்திய வங்கியின் ஐந்தாவது மாடியில், எனக்கும் டெலாலிக்கும் அடுத்தடுத்த மேசை. என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அவரை 'எஃபோ' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் எவே மொழியில் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. நாட்டிலுள்ள சின்னதும் பெரியதுமான நிதி நிறுவனங்களில் எது ஆட்டம் காண்கிறது, ஒன்று விழுந்தால் கூடவே எவையெல்லாம் விழும் என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. அதே பாடத்தில் முதுகலைப் பட்டம் வாங்க டெலாலி பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். பட்டம் கைக்கு வந்தால் பிரிவின் துணைத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான் என்பது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

ஆய்வேட்டின் முதல் வரைவைப் பேராசிரியர் வகுப்பில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினாராம்.

"நூத்தி இருபது பக்கம். எல்லாம் அடுத்தவன் நாட்டுல விழுந்த வங்கி. அடுத்தவன் வீட்டு எழவுல போய் எத்தனை நாளைக்குய்யா அழுவ? உன் கண்ணால பாத்தது ஒண்ணாவது இருக்கா இதுல?"

வகுப்பே சிரித்ததாம். மறுநாள் டெலாலியே இதை என்னிடம் நடித்துக் காட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் அந்த மூடி தட்டையாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் வாச்சே என்ற பயறுச் சோற்றில் முட்டையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் தட்டில் கெங்கே என்ற புளித்த சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும்.

"ஜிஃபா, உங்க ஊரு அடுகோமேதானே?"

"ஆமா எஃபோ."

"உங்க அக்கா அங்க துணிக்கடை வச்சிருக்காங்க இல்ல? பணமெல்லாம் எங்க போடறாங்க?"

"டேகாவுலதான். ஊரே அங்கதானே போடுது."

டேகா அடுகோமேயின் சேமிப்பு நிறுவனம். பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஃபோலி சார், வாத்தியார் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கியது. பதினாறு வருடமாகச் சந்தைப் பெண்களின் பணமும் கொக்கோ விவசாயிகளின் கடனும் அங்கேதான் புரண்டுகொண்டிருந்தன.

டெலாலி மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் பணம் அங்க இருந்தா, இந்த வாரத்துக்குள்ள எடுத்துருவேன்."

"ஏன், என்னாச்சு?"

"சொல்லக் கூடாதது. உனக்குத் தெரியாதா? சாப்பிடு."

அலுவலகத்தில் தெரிந்துகொண்ட எதையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். சிறு நிறுவனங்களின் கோப்புகள் அவர் பொறுப்பு; நான் அவற்றைப் பார்த்ததில்லை. தட்டை அப்படியே வைத்தேன். அப்பா செத்த பிறகு துணி விற்று என்னைப் பட்டப்படிப்புவரை படிக்க வைத்தவள் என் அக்கா அக்பேனே. கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வராந்தாவில் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, டேகாவுல இருக்கறதை நாளைக்கே எடுத்துரு. யார்கிட்டயும் சொல்லாத."

"எதுக்குடி?"

"கேக்காத. எடு."

"ஐயய்யோ, ஃபோலி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"வீடு கட்டறேன்னு சொல்லு."

புதன்கிழமை காலை அக்கா எங்கள் நாட்டுப் பணத்தில் நாற்பத்திரண்டாயிரம் செடி எடுத்தாள். ஃபோலி சாரே எண்ணிக் கொடுத்தாராம். குளிர்ந்த மால்ட் பாட்டில் ஒன்று வரவழைத்துக் கொடுத்து, வாசல் எந்தப் பக்கம் வைக்கப் போகிறாய் என்று கேட்டாராம். கடைக்குத் திரும்பியவளால் மதியம்வரைகூட வாயை அடக்க முடியவில்லை. பக்கத்துத் தக்காளிக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அந்தத் தக்காளிக்காரியும் அப்படியே சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மற்றவர்களிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை டேகா வாசலில் முப்பது பேர். வெள்ளிக்கிழமை சந்தை நாள். சுற்றுக் கிராமத்து ஜனமெல்லாம் சந்தைக்கு வந்து, அப்படியே வரிசையில் சேர்ந்தது. ஃபோலி சார் ஹோ நகரத்துக்குப் போய்ப் பணம் கொண்டுவந்து கட்டுக் கட்டாகச் சன்னலில் அடுக்கி வைத்தார்.

"பாருங்க, இருக்கு! எல்லாருக்கும் இருக்கு!"

"அவ்வளவு இருந்தா எதுக்குய்யா கடை பரப்பிக் காட்டற?" என்று யாரோ கத்த, வரிசை சிரித்துக்கொண்டே முன்னால் நெருக்கியது.

அந்த வரிசையில் கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் ஆளுக்கொரு படிவத்தோடு நடந்தார்கள். யார் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள், நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார்கள். கூலி பேசி அனுப்பியவர் டெலாலி. வங்கி வேலையாகத்தான் இருக்கும் என்று அப்போது நான் நினைத்தேன். ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. "அக்ராவுலேர்ந்தே பொணத்தை எண்ண வந்துட்டாங்க. கதை முடிஞ்சுது" என்று ஒருவன் சொன்னதும் வரிசை உடைந்து கூட்டமாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் சன்னலில் பணமில்லை. கொக்கோ மரத்துக்குக் கொடுத்த கடனை ஒரே நாளில் மரத்திலிருந்து உலுக்கி எடுக்க முடியாது என்று ஃபோலி சார் சொல்லிப் பார்த்தார். திங்கட்கிழமை பணம் போட்டவர்கள் வந்து அவர் வீட்டுக் கூரைத் தகரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவியின் மூன்று தையல் இயந்திரங்களும் போயின. செவிலியர் படிப்பில் இருந்த மகள் பாதியில் திரும்பினாள். அடுத்த ஒன்பது நாளில் பக்கத்து ஊர்களில் இன்னும் இரண்டு நிறுவனங்கள் மூடின.

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நிறுவனம் அழுகித்தான் இருந்திருக்கிறது, நல்லவேளை அக்கா தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து டெலாலி கேட்டார். "உனக்கு அந்த ஃபோலியைத் தெரியும்தானே? ஆய்வுக்கு அவர்கிட்ட ஒரு பேட்டி வேணும். உன் முகத்தைப் பாத்தா பேசுவாரு."

போனோம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரே அறையில் குடும்பம் இருந்தது. எனக்குப் பாடம் எடுத்தபோது சுண்ணாம்புத் தூள் படாமல் சட்டையை மடித்துக்கொள்ளும் மனிதர், இப்போது சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவர் மனைவி எங்களுக்கு அக்ப்லே என்ற சோளக் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வைத்தாள். அன்று அந்த வீட்டில் இருந்தது அவ்வளவுதான் என்பது குழந்தைகள் எங்கள் தட்டைப் பார்த்ததில் தெரிந்தது. டெலாலி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஃபோலி சார் இரண்டு மணி நேரம் பேசினார். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தேன் என்று தாளைப் பார்க்காமலே சொன்னார். கடைசியில் டெலாலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ராத்திரியெல்லாம் கணக்கைப் போட்டுப் பாக்கறேன், எங்க தப்புன்னு தெரியல. முதல்ல சொன்னது யாருன்னு உங்க ஆய்வுல கண்டுபிடிச்சிருவீங்களா?"

"ஆய்வே அதுக்குத்தான் சார்," என்றார் டெலாலி.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். "எஃபோ, அந்தக் கம்பெனி நெசமாவே மோசமா இருந்துச்சா?"

"இப்ப மோசம்தானே," என்று சொல்லிவிட்டு வானொலியைத் திருப்பினார்.

ஆய்வேட்டுக்கு வரைபடம் போட்டுத் தரும்படி, பட்டியல் இருந்த கோப்பை என்னிடமே கொடுத்தார். கணினியில் படம் போடுவதில் பிரிவிலேயே நான்தான் கெட்டிக்காரி. ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. யார் யாரிடம் சொன்னார்களோ அவர்களுக்கிடையே ஒரு கோடு. முந்நூற்றுப் பதினோரு புள்ளிகள். பட்டியலின் முதல் வரியை உள்ளிட்டேன். 'நபர் ஒன்று. பெண். அக்ராவில் பணி. செய்தி பெற்றது செவ்வாய் 12.40. கடத்தியது 12.52, தொலைபேசி. பெற்றவர்: மூத்த சகோதரி.'

என் கைப்பேசியை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தேடினேன். அக்பேனே, செவ்வாய், 12.52.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மீன் தின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கோப்பை முழுவதும் புரட்டினேன். அடியில் ஒரு பக்க அறிக்கை இருந்தது. 'டேகா சேமிப்பு நிறுவனத்தின் நிதிநிலை உறுதியாக உள்ளது. பொதுமக்கள் அஞ்சத் தேவையில்லை.' தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. தேதி அதே செவ்வாய்க்கிழமை.

அதை அவர் மேசையில் வைத்தேன். அவர் பதறவில்லை. எழுந்து போய்க் கதவை மட்டும் சாத்தினார்.

"வியாழக்கிழமையே வெளியிடணும்னுதான் வச்சிருந்தேன் ஜிஃபா. முப்பது பேர் வரிசையோட நிறுத்திரலாம்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா வெள்ளிக்கிழமை சந்தை நாள். சந்தை நாள்ல என்ன ஆகும்னு பாக்காம எப்படி நிறுத்தறது, நீயே சொல்லு. அதுக்கப்புறம் நிறுத்தற நிலைமையில இல்ல."

"அது நல்ல கம்பெனியா?"

"அந்த வட்டாரத்துலயே நல்லது. அதனாலதான் எடுத்தேன். கெட்டது விழறதுல என்ன ஆராய்ச்சி இருக்கு?"

"அந்த வீட்டுல உக்காந்து சோறு தின்னீங்களே!"

"நீயும்தான் தின்ன."

பிறகு குரலைத் தணித்தார். "இதை எடுத்துக்கிட்டு எங்க போவ? நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? என் பணமா இருந்தா எடுத்துருவேன்னு சொன்னேன். என் பணம், என் இஷ்டம். ரகசியம்னு நம்பி அதை வெளியில சொன்னது யாரு? வேற யார்கிட்டயும் சொல்லாம உன்கிட்ட ஏன் சொன்னேன்னு யோசிச்சுப் பாரு."

அறிக்கையை அவர் மேசையில் வைக்குமுன்பே நகல் எடுத்து வைத்திருந்தேன். சனிக்கிழமை முதல் பேருந்தில் அடுகோமே போய் ஃபோலி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கூடம், வராந்தா, அக்கா, ஒன்றையும் விடவில்லை. அவர் அறிக்கையை மூன்று முறை படித்தார்.

"அப்ப என் கணக்கு சரிதானா?"

"சரிதான் சார்."

"நான் எங்கயும் தப்புப் பண்ணலயா?"

"இல்ல சார்."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மனைவிதான் பேசினாள். "எம்மா, நீ அன்னிக்கு வந்து சாப்பிட்டியே, அதை என் பிள்ளைங்களுக்குக் கொடுத்திருப்பேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்காத." காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த சந்தை நாளில் ஃபோலி சார் செய்தது இது. மருந்து விற்பவனின் ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, அந்த அறிக்கையை முழுவதும் படித்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாராம்.

"இந்தக் காயிதத்தை அடிக்க எத்தனை செடி ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கையெழுத்து எங்கய்யா? கையெழுத்தே இல்லாம மத்திய வங்கியா?"

"எங்க பணத்துல காயிதம் வேற அச்சடிக்கறான் பாரு!"

ஒரு தக்காளி அவர் சட்டையில் பட்டது. யாரோ கேட்டார்கள்: "கம்பெனி நல்லா இருந்துச்சுன்னா, கெட்டுப்போச்சுன்னு முதல்ல சொன்னது யாரு? சொல்லு!"

என் பெயர் அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. ஒலிபெருக்கியை வாயருகே வைத்து, "முதல்ல வந்து எடுத்தது யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

கூட்டம் அப்படியே திரும்பியது. அக்பேனேயின் கடைக்கு அங்கிருந்து நாற்பது அடி.

துணிகளை முதலில் கிழித்தார்கள். பிறகு, கிழிப்பானேன் என்று சுமந்துகொண்டு போனார்கள். அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்த தக்காளிக்காரி நீலப் பூப்போட்ட துணி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடினாளாம். சுவர்க் கண்ணாடி அக்காவின் முழங்கைமேல் விழுந்து எலும்பு உடைந்தது. மருத்துவமனையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"கம்பெனி நல்லாத்தான் இருந்துச்சுன்னு அந்த ஆளு படிக்கறான். நீ எடுக்கச் சொன்ன. எதுடி பொய்?"

சொன்னேன். 

"போனை வை," என்றாள் முடிவில்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் டெலாலியின் மேசைக்குப் போய் நின்று கத்தினேன். பிரிவே எழுந்து பார்த்தது. அக்காவின் கடை, கை, சந்தை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். குறிப்பேட்டைத் திறந்தார்.

"அவரு படிச்சப்போ எத்தனை பேரு இருப்பாங்க?"

"என்ன?"

"படிச்சு முடிச்சதுக்கும் கடைக்குள்ள புகுந்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்கூட இல்ல," என்று என் வாய் சொல்லிவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது எனக்கு. அவர் எழுதிக்கொண்டார்.

"பாத்தியா? உண்மை லேட்டா வந்தா வேலைக்காகாது. ஊகம்தான் பண்ணியிருந்தேன், இப்ப சான்றே கிடைச்சிருச்சு. இதுக்குத் தனியா ஒரு பகுதி எழுதலாம்."

குறிப்பேட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "பரவாயில்ல. ஞாபகம் இருக்கு," என்றார்.

அன்றே தலைவருக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை வைத்தார்கள். தான் எதுவும் சொன்னதில்லை, அவளே கோப்பைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாள் என்றார் டெலாலி. அறிக்கையை வரிசை தொடங்கிய பிறகுதான் எழுதினாராம், தேதி தட்டச்சுப் பிழையாம். 12.52 என்ற நேரம் அக்காவிடம் படிவத்தில் கேட்டு எழுதியதாம், 12.40 அதை வைத்து ஊகித்ததாம். மூன்றுமே நடந்திருக்கக் கூடியவைதான். விசாரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கையில் எழுத்தில் இருந்தது, ரகசியத்தை வெளியே சொன்னேன் என்று நானே கையெழுத்துப் போட்ட ஒப்புதல் மட்டும்தான். ஒரு மாதச் சம்பளத்தோடு என்னை அனுப்பினார்கள். இப்போது டெமா துறைமுகத்தில் ஒரு மீன் கிடங்கில் சீட்டு எழுதுகிறேன்.

டெலாலி தேறிவிட்டார். வகுப்பில் முதலாவது. அடுத்தவன் வீட்டு எழவு என்று சிரித்த பேராசிரியர், இந்த நாட்டிலிருந்து இப்படி ஒரு களத் தரவு இதுவரை வந்ததில்லை என்று மேடையிலேயே சொன்னாராம். துணைத் தலைவர் நாற்காலியும் வந்தது.

ஃபோலி சார் அந்த டிசம்பரில், புழுதிக்காற்று தொடங்கிய வாரம், பக்கவாதம் வந்து இறந்துபோனார். ஊர் அவருக்குப் பெரிய சாவுச் சடங்கு வைத்தது. கூரைத் தகரத்தைக் கழற்றியவர்களே பந்தல் போட்டார்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்திய ஜனம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நிறைந்திருந்தது. இரண்டு ஆடு அடித்திருந்தார்கள். வாசப்படி மிதிக்காதே என்று சொல்லியிருந்ததால் நான் தெருவோரமாகவே நின்றேன். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை ஒருவன் ஒலிபெருக்கியில் படித்துக்கொண்டிருந்தான்.

"அக்ராவிலிருந்து திரு. டெலாலி, ஐந்நூறு செடி!" என்றான். கூட்டம் கைதட்டியது. ஃபோலி சாரின் மனைவி எழுந்து நின்று, முறைப்படி, அந்தப் பெயருக்கும் நன்றி சொல்லித் தலை வணங்கினாள்.

அக்பேனே எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். கடை போன பிறகு எல்லை தாண்டி லோமேயில் யாரிடமோ கூலிக்குத் துணி விற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எட்டு மாதமாக என் அழைப்பை எடுத்ததில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். இடது கை முழுதாக நீளவில்லை.

"அந்த ஆளு பாஸாயிட்டானா?"

"ஆயிட்டான். முதல் இடம்."

"பாத்துக்கோ," என்றாள். "உன்னை ஒருத்தியைப் படிக்க வைக்க நான் பதினோரு வருஷம் துணி வித்தேன். அவனை ஒரே வாரத்துல இந்த ஊரே சேந்து படிக்க வச்சிருச்சு."

அழப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் அழவில்லை. என் கையைத் தட்டிவிட்டு, பந்தலுக்குள் போய், தக்காளிக்காரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தக்காளிக்காரி நீலப் பூப்போட்ட துணியைத்தான் தலையில் கட்டியிருந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.